பெரியப்பா பெட்டியில் ஒரு மீன்

காட்பாடி வீட்டைக் காலி செய்யும்போது பெரியப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு கல்மீன், அதாவது கல்லில் பதிந்த மீன் புதைபடிவம், கிடைத்தது. வெளிறிய சுண்ணாம்புக்கல்லில் பழுப்பு மீன், உள்ளங்கை நீளம். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நம்ம பக்கத்துக் கல் கிடையாது. வேலூர் மலையெல்லாம் மீன் என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே இறுகிய பாறை.

பார்த்தால் அமெரிக்காவின் கிரீன் ரிவர் பாறை, சுமார் 5 கோடி வருடம். சரி, அந்தப் பாறையில் கிடைக்கும் பழங்கால மீன்களில் இது நைட்டியாவா, டிப்ளோமிஸ்டஸா? அதில்தான் ஒரு வாரம் போனது. டிப்ளோமிஸ்டஸுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அடிப்பக்கம் குதத்துக்குப் பின்னால் இருக்கும் குதத் துடுப்பு வால் பக்கம்வரை நீண்டு ஓடும். இதில் துடுப்பு குட்டை. நைட்டியாதான்.

லென்ஸில் வயிற்றோரம் ரம்பப் பல் மாதிரி செதில்கள். அம்மா எட்டிப் பார்த்து, "மத்தி ஆயும்போது கையில குத்துமே, அதேதான்டா" என்றார். உண்மையிலேயே மத்திக்குச் சொந்தம்தான். ஒரு வாரம் முன்னாடியே அவரிடம் காட்டியிருக்கலாம்.