பிடித்த காசுக்கு என்ன கிடைக்கும்?

வாளையார் எல்லை தாண்டி கேரளத்துக் கஞ்சிக்கோட்டுக்குத் தினமும் வேலைக்குப் போகிற நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது மனப்பாடம், ஆனால் பிடித்ததற்கு என்ன கிடைக்கும் என்றால் முழிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. நம் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி 3.25 போடுகிறது. பலருக்கு அது காய்ச்சல் மாத்திரை வாங்கும் இடம், அவ்வளவுதான்.

ஆனால் முடியாமல் படுத்து, இஎஸ்ஐ டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும் (ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா போயிருக்க வேண்டும்). இது தெரியாமல் முதுகு வலியோடு நைட் ஷிப்டுக்கு ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வேலை கேரளத்தில், வீடு கோயம்புத்தூரில் என்றால் டிஸ்பென்சரியை வீட்டுப் பக்கமே மாற்றிக்கொள்ளலாம், பெரிய சிகிச்சைக்குச் சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

அப்புறம் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. வேலையில் இருக்கும்போதே நாம் இறந்துவிட்டால், அதோடு சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும், நமக்குச் செலவில்லை. நாமினி பெயரை மட்டும் சரிபாருங்கள்.

மனசு சரியில்லை என்று எச்ஆரிடம் சொல்லத் தயக்கமா? நியாயம்தான். 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எச்ஆர்காரர்களுக்கு ஒன்று: இதையெல்லாம் நோட்டீஸ் போர்டில் மலையாளத்தோடு தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள், யோகா தினத்துக்கு அடிக்கிற பேனரைவிடச் செலவு குறைவு.