கடல்வரை போகும் ரயில்: அப்பாவோடு ஸ்காட்லாந்தில் ஒரு குளிர்காலம்

டிசம்பரில் ஸ்காட்லாந்து போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் தடுத்தார்கள். கோடையில் போனால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், இப்போது போய் எதைப் பார்ப்பீர்கள் என்றார்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே விடிவதற்கு ஒன்பது மணி ஆகிவிடும். மூன்றரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் அப்பா ஜனவரியில் ஊர் திரும்ப வேண்டும். எனக்கும் அந்த ஒரு வாரம்தான் விடுப்பு.

அப்பா மானாமதுரை–ராமேஸ்வரம் தடத்தில், மீட்டர் கேஜ் காலத்தில், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். லண்டனில் என் வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் அருங்காட்சியகம், அரண்மனை எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. "கடல் வரைக்கும் போற ரயில் ஏதும் இருக்காம்மா?" என்று ஒருநாள் கேட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன்: கிளாஸ்கோவிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள மல்லெய்க்வரை ரயில், அங்கிருந்து ஸ்கை தீவுக்குக் கப்பல், தீவிலிருந்து பாலம் கடந்து, எதிர்க்கரையில் உள்ள கைல் ஆஃப் லோகல்ஷிலிருந்து இன்வர்னஸுக்கு மறுபடி ரயில்.

கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து வண்டி எட்டரைக்குச் சற்று முன் புறப்பட்டபோது வெளியே இன்னும் இருட்டு. இந்தத் தடத்தில் போகிறவர்கள் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏரிகளும் கடலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். லாக் லாங் என்னும் கடற்கழியை ஒட்டி மேலேறும்போது மெல்ல விடிந்தது. முதலில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பிறகு மலைகள், அப்புறம் அவற்றின் தலையில் பனி. கோடைக்காரர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் வண்டி ஏறும்போதே எல்லாம் வெளிச்சமாக இருக்கும்.

அப்பா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு நிலையத்துக்கும் வண்டியின் வரவு, புறப்பாடு நேரங்களை எழுதத் தொடங்கியிருந்தார்.

கிரியன்லாரிக்கில் வண்டி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி ஓபனுக்கும் மறுபாதி மல்லெய்க்குக்கும் போகும். அந்தச் சில நிமிடங்களில் அப்பா பிளாட்பாரத்தில் இறங்கி நடந்தார். திரும்பி வந்ததும், "ஏம்மா, இது சிங்கிள் லைன். கைகாட்டியும் காணோம், ஸ்டேஷன்ல ஆளும் காணோம். டோக்கன் யாரு குடுக்கிறது?" என்றார். டோக்கன் என்பது ஒற்றைப் பாதையில் வண்டி ஓட்ட ஓட்டுநருக்குத் தரும் அனுமதி.

எனக்குத் தெரியவில்லை. டிக்கெட் பார்க்க வந்த பெண்ணிடம் கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். முகம் மலர்ந்து, எதிர் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். இங்கே டோக்கன் ரேடியோவில் வருகிறதாம். ஓட்டுநர் ஃபோர்ட் வில்லியம் அருகே பேனவி என்ற ஊரிலுள்ள சிக்னல் நிலையத்தைக் கூப்பிடுவார். அங்கிருந்து மின்னணு டோக்கன் அனுப்புவார்கள். எந்த இரு நிலையங்களுக்கு நடுவே ஓட அனுமதி என்பது ஓட்டுநரின் அறையில் உள்ள சிறு திரையில் எழுத்தாகத் தெரியும். ஒரு பிரிவுக்கு ஒரு டோக்கன்தான். அதை அவர் திருப்பிக் கொடுக்கும்வரை வேறு வண்டி அதற்குள் நுழைய முடியாது. 1980களிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

அப்பா வெகுநேரம் பேசவில்லை. ஓடும் வண்டியிலிருந்து நீளும் கைக்கு, பிரம்பு வளையத்தில் டோக்கன் பந்தை மாட்டி மழையிலும் இருட்டிலும் தூக்கிப் பிடித்தபடி நின்றவர் அவர். "பந்து போச்சு, விதி அதேதான்" என்றார் கடைசியில். அதில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது.

பிறகு ரன்னோக் மூர். இதைப் பார்க்கவாவது ஒருமுறை குளிர்காலத்தில் போகவேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சதுப்பு. ஊர் இல்லை, சாலை இல்லை, மரம்கூட அரிது. தண்ணீர்க் குட்டைகளெல்லாம் உறைந்து கிடந்தன. 1894-இல் திறந்த இந்தப் பாதையைப் போடும்போது சதுப்பு கொட்டிய மண்ணையெல்லாம் விழுங்கியிருக்கிறது. கடைசியில் மர வேர்களையும் சுள்ளிகளையும் மெத்தைபோலப் பரப்பி, அதன்மேல் ஆயிரக்கணக்கான டன் மண்ணும் சாம்பலும் கொட்டித்தான் தண்டவாளம் போட்டார்கள். பாதை இன்றும் அந்த மெத்தையின்மேல் மிதக்கிறது. நடுவில் பணம் தீர்ந்துபோக, ரென்டன் என்ற ரயில் கம்பெனி இயக்குநர் தன் சொந்தப் பணத்தைப் போட்டு வேலையை முடிக்க வைத்தார். அவருடைய முகத்தைத் தொழிலாளர்களே ஒரு பாறையில் செதுக்கினார்கள். அந்தப் பாறை ரன்னோக் நிலையத்துப் பிளாட்பார ஓரத்தில் இருக்கிறது. முதலாளி முகத்தைக் கூலிக்காரர்கள் மனமுவந்து செதுக்கிய வேறொரு நிலையத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்தது கோரூர், கடல் மட்டத்திலிருந்து 408 மீட்டர். பிரிட்டனின் முதன்மை ரயில் பாதைகளில் இதைவிட உயரமான நிலையம் இல்லை. பொதுச் சாலை எதுவும் இங்கே வருவதில்லை, ரயில்தான் வழி. மேலே பனி மூடிவிட்டதால் செம்மான்கள் இரை தேடித் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இறங்கி நின்றன. கிளைக்கொம்புகளில் பனித்துகள் ஒட்டியிருந்த ஒரு கலைமான், வண்டி கடக்கும்வரை அசையவே இல்லை.

ஃபோர்ட் வில்லியமில் பெயர்ப்பலகை இரண்டு மொழியில் இருக்கிறது. கேலிக் மொழியில் அந்த ஊர் 'அன் கெரஸ்டன்', பொருள் காவற்படைத் தளம். பென் நெவிஸ் சிகரம் மேகத்துக்குள் இருந்தது, பார்க்க முடியவில்லை.

கிளென்ஃபின்னன் பாலத்தைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். 21 வளைவுகள், 30 மீட்டர் உயரம், இரும்புக் கம்பி இல்லாத வெறும் கான்கிரீட். கோடையில் ஓடும் நீராவி வண்டி டிசம்பர் கடைசியில் இல்லை, அதைப் படமெடுக்க வரும் கூட்டமும் இல்லை. கீழே லாக் ஷீல் ஏரி கறுத்துக் கிடந்தது. இந்தப் பாதை கட்டும்போது ஒரு குதிரை, வண்டியோடு சேர்ந்து தூணுக்குள் விழுந்துவிட்டது என்று ஒரு பேச்சு வழிவழியாக இருந்தது. எல்லாரும் கிளென்ஃபின்னன் என்றே நினைத்தார்கள். 2001-இல் ரேடார் வைத்துத் தேடியபோது இன்னும் சற்று மேற்கே, லாக் நன் உவா பாலத்தின் தூணுக்குள் குதிரையும் வண்டியும் தெரிந்தன. அந்தப் பாலத்தைக் கடக்கும்போது அப்பா நோட்டில் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

மதியம் ஒன்றரை வாக்கில் மல்லெய்க். தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து சில நிமிட நடையில் கப்பல் துறை. மீன்பிடிப் படகுகள், ஐஸ், டீசல், மீன் வாடை. அப்பா ஆழமாக மூச்சிழுத்தார். இரண்டு மணி நேரத்தில் இருட்டிவிட்டது.

மறுநாள் காலை கப்பல் இல்லை. விடிவதற்கு முன்பே கைபேசிக்குச் செய்தி வந்துவிட்டது. காற்று அப்படி அடித்தது. விடுதிக்கார அம்மா எங்களைத் தேற்றுவதற்காக கிப்பர் பொரித்துக் கொடுத்தார். பிளந்து, உப்பிட்டு, புகை போட்ட ஹெர்ரிங் மீன். "மீனுக்கும் கருவாட்டுக்கும் நடுவுல இருக்கு" என்று அப்பா இரண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கப்பல் துறையின் காத்திருப்பு அறையில் எங்களைத் தவிர சுற்றுலாப் பயணி யாரும் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பும் பெண், மருத்துவமனையில் கணவருக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் திரும்பும் மூதாட்டி, நாயோடு ஒரு தச்சர். யாரும் பதறவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை. நாளைக்குப் போகும் என்றார்கள். கோடையில் வந்திருந்தால் இந்தக் கப்பலை எங்களைப் போன்றவர்களுக்காக விடுவதாகவே எண்ணியிருப்பேன்.

அங்கே உட்கார்ந்துதான் அப்பா தனுஷ்கோடியைப் பற்றிப் பேசினார். 1914-இல் பாம்பன் பாலம் வந்ததும் சென்னையிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடித் துறைவரை போகும். அங்கே நீராவிக் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ரயில் காத்திருக்கும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டியும் ஆட்களோடு கடலுக்குள் போயிற்று. அப்போது அப்பாவுக்கு ஒன்பது வயது, மண்டபத்தில் இருந்தார்கள். "காத்து அடிச்சா கப்பலை நிறுத்துறதுதாம்மா சரி. நிறுத்தினவனை யாரும் பாராட்டுறதில்ல" என்றார்.

அதற்கடுத்த நாள் கப்பல் போயிற்று. ஸ்கை தீவின் ஆர்மடேல் துறைக்கு அரை மணி நேரப் பயணம்தான். அலை இன்னும் அடங்கவில்லை. எனக்குக் குமட்டியது; அப்பா மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்று, மேற்கே ரம் தீவின் மலைகள்மேல் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீவில் எங்களுக்கு மிஞ்சியது அரை நாள். முன்பே சொல்லி வைத்த டாக்சியில் ஸ்லீட் கரையோரமாகப் போய், பாலம் ஏறி, கைலில் இறங்கினோம். ஸ்கையைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

கைல் நிலையமும் தண்ணீரின் விளிம்பிலேயே நிற்கிறது. 1897-இல் பாறையை உடைத்துப் பாதையை இங்கே கொண்டுவந்ததே தீவுக்குக் கப்பல் பிடிக்கத்தான். 1995-இல் ஸ்கை பாலம் திறந்ததும் எதிர்க்கரைக்கான ஃபெர்ரி நின்றுபோனது. ரயில் நிற்கவில்லை. அப்பா துறையின் ஓரம்வரை நடந்து போய், பாலத்தைப் பார்த்து, தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்த்து, வெகுநேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை.

இன்வர்னஸ் வண்டி கிளம்பியபோது லாக் கேரன்மேல் கடைசி வெளிச்சம். ஸ்ட்ராத்கேரனில் இருட்டிவிட்டது. ஒற்றைப் பாதையில் அங்கே இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கலாம். எங்கள் வண்டி எதிர் வண்டிக்காக நின்றது. அதன் விளக்கு தூரத்தில் தெரிந்து, வளர்ந்து, பக்கத்துத் தடத்தில் வந்து நின்றது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்து எழுதினார்: "ஸ்ட்ராத்கேரன். கிராசிங். சரியான நேரம்."