பத்தொன்பதும் இருபதும்

உயர்தர வகுப்பில் நிலைமின்னியல் முடிந்த கையோடு பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு படம் போட்டுக் காட்டுவேன். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு. மொத்தம் 19. கல்முனையில் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு இதைவிடப் பிடித்த படம் வேறில்லை. பாடத்திட்டத்தில் இது கிடையாது. ஆனால் விளங்கிக்கொள்ளப் பாடத்திட்டமே போதும்.

அந்தப் புள்ளிகள் தூசித் துணிக்கைகள். ஆகன் வாயுவின் அமுக்கத்தை வளிமண்டல அமுக்கத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 13.56 மெகாஹேர்ட்ஸ் மின்னால் ஒளிர வைத்தால் பிளாஸ்மா, அதாவது இலத்திரன்களும் அயன்களும் பிரிந்து திரியும் வாயு, கிடைக்கும். அதற்குள் 9 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள மெலமைன் பிளாஸ்ரிக் கோளங்களைத் தூவுகிறார்கள். இலத்திரன்கள் அயன்களைவிட மிக வேகமானவை, அதனால் முந்திக்கொண்டு வந்து ஒட்டும். ஒரு கோளத்தில் பத்தாயிரம் இலத்திரன் அளவில் சேர்ந்துவிடும். கீழ்த் தட்டுக்குச் சற்று மேலே உள்ள மின்புலம் அதன் நிறையைத் தாங்க, கோளங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அந்தரத்தில் ஒழுங்காக நிற்கும். ஜெர்மனி, தைவான், யப்பான் ஆய்வாளர்கள் 1994இல் தனித்தனியே இதைக் காட்டினார்கள்.

சம்மாந்துறைப் பக்கம் அரிசி மில்லுக்குள் கூரை ஓட்டையால் வெயில் விழும்போது உமித்தூசி பளிச்சென்று தெரியுமே, அதே முறைதான். லேசரைத் தகடு போல விரித்துப் பாய்ச்சிக் கமராவால் பிடிப்பார்கள். துணிக்கைகளுக்கு இடையில் அரை மில்லிமீற்றர் அளவு தூரம் இருப்பதால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். ஒரு திண்மம் உருகும்போது எந்த அணு எங்கே போகிறது என்று நேரில் பார்க்க முடியாது. இங்கே ஒவ்வொரு துணிக்கையையும் பின்தொடரலாம்.

பார்க்க ஒரு லேசர் என்றால், தள்ள இன்னொன்று. ஒளிக்கு உந்தம் உண்டு, பட்ட இடத்தில் தள்ளும். ஜெர்மனியின் கீல் நகரில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு என்னைக் கட்டிப்போட்டது. வளையங்களை லேசரால் தள்ளி, ஒன்றுக்கு எதிராக ஒன்றைச் சுழற்றப் பார்த்திருக்கிறார்கள். 19 துணிக்கை என்றால், நடுவில் உள்ளதை விட்டு, உள்ளே ஆறு, வெளியே பன்னிரண்டு. ஒன்று மற்றதன் இருமடங்கு, பூட்டிக்கொண்டு அசைய மறுக்கும். இன்னும் ஒன்றைச் சேர்த்தால் உள்ளே ஏழு, வெளியே பன்னிரண்டு. பொருந்த வழியில்லை, உள்வளையம் இலேசாகத் தனியே சுழலும். ஒரேயொரு துணிக்கை! இதைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே நான் படிப்பிக்கிறேன்.

அப்புறம், சூடாக்கவும் லேசர்தான். கற்றைகளை எழுமாற்றாக அங்குமிங்கும் ஓட்டினால் துணிக்கைகள் எழுமாற்றாக ஆடும், அதுதானே வெப்பநிலை. அதற்குப் பதிலாக வாயு அமுக்கத்தையோ மின் வலுவையோ மாற்றினால் துணிக்கையின் மின்னேற்றமும் சேர்ந்து மாறிவிடும், எது எதனால் நடந்தது என்று பிரிக்க முடியாது. லேசர் பிளாஸ்மாவைக் கெடுக்காமல் துணிக்கையை மட்டும் தொடுகிறது. என்னைக் கேட்டால் இந்த முறையின் பெரிய பலமே இதுதான்.

"அப்ப ரீச்சர், கீழே இருந்து அடிச்சா லேசராலேயே தூக்கி வைக்கலாமே?" என்று போன கிழமை ஒரு பையன் கேட்டான்.

"சரி மகன், கணக்குப் போட்டுப் பார்ப்பம்" என்றேன்.

ஒரு மில்லிமீற்றர் அகலக் கற்றை, வலு 0.1 வாற்று. கோளத்தில் படும் ஒளி முழுவதும் உறிஞ்சப்படுகிறது என்று வைத்தால், கிடைக்கும் விசை அதன் நிறையில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. பக்கவாட்டில் நகர்த்த அது தாராளம், தூக்கப் போதாது. கற்றையை நன்றாகக் குவித்து வலுவையும் கூட்டினால் தூக்கலாம் என்று அவனே சொல்லிவிட்டான். அடுத்த வகுப்புக்குக் கொடுத்திருக்கும் கணக்கு: பத்தாயிரம் இலத்திரன் சுமந்த அதே கோளத்தைத் தாங்க எவ்வளவு மின்புலம் வேண்டும்? மெலமைனின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. மீற்றருக்கு 3,500 வோல்ற்றுக்குக் கிட்ட வர வேண்டும்.