தெரியாத பக்கம்

தம்புச்செட்டித் தெருவில் ஜெராக்ஸ் கடை போட்டு 14 வருஷம் ஆகிறது. ஹைகோர்ட் நடந்துபோகிற தூரம்தான். வீடு பெரம்பூரில்.

2024 ஜூலை 5, வெள்ளிக்கிழமை. கடையடைத்து வீட்டுக்கு வரும்போது எங்கள் பக்கம் ஒவ்வொரு கடையாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை அவர் வீட்டுப் பக்கத்திலேயே வெட்டிவிட்டார்கள் என்று மருந்துக்கடைப் பையன் சொன்னான். வேலையிலிருந்து வந்த மகள் ரயில்வே ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டு போன் செய்தாள். "ரோடெல்லாம் ஒரே கூட்டமா இருக்கும்மா, எப்படி வர்றது?" நானும் என் வீட்டுக்காரரும் நடந்தே போய்க் கூட்டி வந்தோம். வழியில் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 8ஆம் தேதி சென்னை போலீஸ் கமிஷனரை மாற்றினார்கள். புதிதாக வந்த அருண், ரவுடிகளுக்குப் புரியும் மொழியிலேயே பேசுவோம் என்றார். அந்த மாதம் 14ஆம் தேதி, இந்தக் கொலையில் கைதான ஒருவர் மாதவரம் பக்கம் போலீஸ் சுட்டதில் செத்தார். செப்டம்பர் 18 வியாசர்பாடியில் வேறொரு ரவுடி, 23 நீலாங்கரையில் மற்றொரு ரவுடி, இருவரும் போலீஸ் சுட்டதில்தான் செத்தார்கள். டீக்கடையில் பலருக்கும் நிம்மதி. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பயந்தவர்கள் அவர்கள். எனக்கு மட்டும் அந்த நிம்மதி வரவில்லை. சுட்டுவிட்டால் அந்த ஆளிடம் கேட்க வேண்டியதை அப்புறம் யாரிடம் கேட்பது?

எனக்கு நிம்மதி தந்தது வேறு. எங்கள் தெரு முனையில் பட்டா புத்தகம் ஒன்று தொங்கும். ரோந்து வருகிற போலீஸ்காரர் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த ஜூலைக்குப் பிறகு கொஞ்ச நாள் அதில் ராத்திரி 11.40, 2.15, 4.05 என்று வரிசையாகக் கையெழுத்து இருந்தது. காலையில் பால் வாங்கப் போகும்போது புரட்டிப் பார்ப்பேன். 2.15க்கு ஒருவர் நம் தெருவில் நின்றிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். மழைக்காலத்துக்குள் மறுபடி இடைவெளி விழுந்துவிட்டது.

என் கடைக்கு வருவது குண்டாஸ் பேப்பர். ரவுடி என்று சொல்லி ஒருவரை விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கிற 1982ஆம் வருஷத்துச் சட்டம். சிட்டியில் கமிஷனர் கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஏன் பிடித்தோம் என்பதற்கான காரணத்தையும் ஆவணங்களையும் 5 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதைத் தைத்துப் புத்தகமாகக் கொடுப்பார்கள், புக்லெட் என்போம். அதில் ஒரு முக்கியமான பக்கம் தெளிவாக இல்லை, தமிழில் மொழிபெயர்த்துத் தரவில்லை, விடச் சொல்லி அரசாங்கத்துக்குக் கொடுத்த மனுவைப் பார்க்கத் தாமதமாகிவிட்டது என்று ஆட்கொணர்வு மனு போட்டால் பல சமயம் ஹைகோர்ட் ரத்து செய்துவிடும். ஒருவனை விசாரணை இல்லாமல் அடைக்கும்போது அந்தக் கண்டிப்பு இருக்கத்தான் வேண்டும். அடிப்படை வழக்கில் ஜாமீனும் கிடைத்துவிட்டால் பையன் வெளியே வந்துவிடுவான். வழக்கு பாட்டுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு கிடக்கும்.

போன வருஷம் ஒரு பூக்கார அம்மா மஞ்சப்பையில் தன் பையனுடைய புக்லெட்டோடு வந்தார். கூட ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி. நான் வழக்கம்போல மங்கின பக்கத்துக்கு டார்க்னஸைக் கூட்டப் போனேன். "அக்கா, அதைத் தொடாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே எடுங்க. இந்தப் பக்கந்தான் நம்ம பாயிண்ட்டே." சரி என்று அப்படியே எடுத்தேன். தம்பி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனால் அந்தப் பக்கம் என்னவென்று பார்த்தபோது மனசு கனத்துப்போனது. வெட்டுப்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதின விபத்துப் பதிவேட்டு நகல் அது. காப்பிக்குக் காப்பி எடுத்து எடுத்து ஒரே சாம்பல் பூசினதுபோல இருந்தது.

ஸ்டேஷனில் யாராவது டோனர் மாற்றி ஒரு முறை நல்ல காப்பி எடுத்திருந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் செலவு. ஊர் பயந்து கிடக்கிற நேரத்தில் நூறு பேரைப் பிடித்தோம் என்று எண்ணிக்கை சொல்வதைவிட, பிடித்த ஒருவன் மேல் வழக்கை ஒழுங்காக நடத்தி முடிப்பதுதான் எனக்கு வேண்டும். சாட்சி சொல்ல வந்தவர் தைரியமாக வீடு திரும்ப வேண்டும். அந்தப் பையன் தப்புப் பண்ணவில்லை என்றால் அதுவும் சீக்கிரம் தெரிய வேண்டும்.

பூக்கார அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காசு கொடுக்கும்போது கேட்டார், "இதுல என்னம்மா எழுதியிருக்கு? எம் பையன் என்ன பண்ணான்னு போட்டிருக்கு?" தாளை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். "இடது கை" என்பது மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே ஏதோ ஒரு எண், மூன்றா எட்டா என்று கடைசிவரை பிடிபடவில்லை.