ஆப்கன் மலைக் கிராமங்களில் மெலிந்த குழந்தையைத் தேற்றி எடுப்பது

முதலில் குந்தாக்கை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையைத் தோள் முதல் பாதம் வரை துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவதற்கு அங்கே அதுதான் பெயர். குளிருக்கு நல்லது. ஆனால் வெளியே முகம் மட்டும்தான் தெரியும். அந்த முகம் வீங்கியிருந்தால் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாகவே பாட்டி சொல்வார். துணியை எடுத்த பிறகுதான் விலா எலும்பும், சுருங்கித் தொங்கும் தொடைத் தோலும் கண்ணில் படும்.

பிறகு நாடா, மேல்கையின் சுற்றளவை நிறத்தால் காட்டும் பட்டை. 6 மாதம் முதல் 5 வயது வரை இதுதான் அளவுகோல். இடது கையை மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தளரத் தொங்கவிட்டு அந்தப் புள்ளியின் மேல் நாடாவைச் சுற்றுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. இழுத்துப் பிடித்தால் தோல் மடிந்து அளவு குறையும். குளிருக்குப் பயந்து சட்டைக்கு மேல் அளந்தால் சிவப்புக் குழந்தை மஞ்சளாகி வீட்டுக்குப் போய்விடும். அடுத்து இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால் அது சத்துக் குறைவால் வரும் வீக்கம், நாடா பச்சை காட்டினாலும் நிலைமை மோசம்தான்.

வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், சத்துகள் சேர்த்து அரைத்த பசைதான் மருந்து. ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. அதில் தண்ணீரே இல்லாததால் எளிதில் கெடாது. அதனால்தான் வீட்டிலேயே வைத்துக் கொடுக்க முடிகிறது. கொடுத்தனுப்பும் முன் பசி இருக்கிறதா என்று பார்ப்போம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அமைதியான மூலையில் தாய் மடியில் வைத்து ஊட்ட வேண்டும். ஆறு கிலோ குழந்தை அரை மணி நேரத்தில் கால் பொட்டலமாவது தின்றால் வீட்டுக்கு அனுப்பலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால், வாந்தி நிற்காவிட்டால், உடல் சில்லிட்டிருந்தால் மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டும்.

சேர்த்த அன்றே வயிறு நிறைய ஊட்டிவிடத் தாய்க்குத் துடிக்கும். அதுதான் ஆபத்து. பட்டினியில் சுருங்கிய இதயம் திடீர்ச் சுமையைத் தாங்காது. அதனால் தொடக்க நாட்களுக்கென்றே தயாரிக்கும் எஃப்-75 என்ற பாலை 6 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 65 மி.லி. வீதம், 2 மணிக்கொரு தடவை, இரவிலும் விடாமல் கொடுக்கிறோம். பேதி இருந்தாலும் வழக்கமான உப்புசர்க்கரைப் பொடி வேண்டாம், அதில் உப்பு அதிகம். இந்தக் குழந்தைகளுக்கென்றே ரீசோமால் என்ற உப்புக் குறைந்த கரைசல் இருக்கிறது.

வீட்டில் 6 கிலோ குழந்தைக்கு நாளைக்கு இரண்டரைப் பொட்டலம், வாரத்துக்கு 18. பனிக்காலத்தில் பாதை மூடுமென்று தெரிந்தால் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. முதலில் தாய்ப்பால், பிறகு பசை, கூடவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். தேநீர் வேண்டாம். இதைச் சொல்வதுதான் கடினம், ஏனென்றால் பல வீடுகளில் குழந்தையின் காலை உணவே சர்க்கரை போட்ட தேநீரில் தோய்த்த நான் ரொட்டிதான். வயிறு ரொம்பும், சத்து ஏறாது.

எடை ஏறாவிட்டால் நாங்கள் முதலில் கேட்பது வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்றுதான். மூத்தவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னவளுக்கு மட்டும் எந்தத் தாய் ஊட்டுவாள்? திட்டினால் அடுத்த வாரம் வரமாட்டாள். மாமியாரையும் உட்காரவைத்து, இது பலகாரமல்ல, மருந்து என்று சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகளின் கையையும் அன்றே அளந்துவிட வேண்டும். பாதி நேரம் அங்கேயும் ஒரு மஞ்சள் இருக்கும்.

சண்டை நடந்த ஆண்டுகளில் பாதைகளில் புதைகுண்டு இருந்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்த பிறகு பாதை திறந்தது, ஆனால் வேலையும் கூலியும் போயின. அதே டிசம்பரில், 72 கி.மீ.க்கு மேல் போகும் பெண்ணுடன் நெருங்கிய ஆண் உறவினர் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. மாகாண மருத்துவமனை பலருக்கு அதைவிடத் தொலைவு. விதவைக்கு யார் துணை? கணவன் ஈரானில் கூலி வேலையில் இருந்தால்? ஆகவே பதிவுச் சீட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே, அடுத்த முறை கூட வரப்போவது யார், அண்ணனா மாமனாரா என்று எழுதிக்கொள்வோம். அந்த ஆளையும் உள்ளே கூப்பிட்டுத் தேதியைச் சொல்ல வேண்டும், தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. பெண் ஊழியர் இல்லாத நாளில் தாய்ப்பால் பற்றிய பேச்சே நடக்காது. ஆண் ஊழியரால் நாடாவைச் சுற்ற முடியும், அதைக் கேட்க முடியாது.

அடுத்தடுத்து இரண்டு வருகையில் 12.5 தாண்டி, வீக்கமும் வற்றியிருந்தால் பதிவிலிருந்து பெயரை எடுக்கலாம். பெரும்பாலும் இரண்டு மாதம் ஆகும். அன்று நாடாவைத் தாயிடமே கொடுத்து, எங்கள் கண் முன்னால் ஒரு முறை அளக்கச் சொல்வோம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிறம் தெரிந்தால் போதும். இரண்டு வாரத்துக்கொரு முறை, அதே இடது கை. மஞ்சளுக்கு இறங்கினால் உடனே புறப்பட்டுவிட வேண்டும், சிவப்பு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.