இத்தனை வருஷமா தொங்குதே

கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல் ஹால்களிலும் லைட், ஸ்பீக்கர், எல்இடி வால், பூ அலங்காரம் என்று ஜனங்களின் தலைக்கு மேலே எதையாவது கட்டித் தொங்கவிடுவதுதான் என் பிழைப்பு. பெரிய லோடைப் பார்த்து நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. ஒரு டன் எல்இடி வால் என்றால் எல்லாரும் தானாகவே உஷாராகிவிடுவார்கள், செயின் பிளாக்கை, அதாவது பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியை, தொடுவதற்கு முன் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். பயம் வருவது, மேனேஜர் அண்ணாந்து பார்த்து, "அந்தக் கொக்கி இத்தனை வருஷமா இருக்கு சார், போன முகூர்த்தத்துக்குக்கூட இதைவிடப் பெருசா மாட்டினாங்க" என்று சொல்லும்போதுதான்.

அந்தக் கொக்கி ஸ்லாப் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டி வார்த்ததா, இல்லை பிற்பாடு யாரோ டிரில் போட்டு, துளைக்குள் இறுகிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டியதா? கீழே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், பெயின்ட் வேறு அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பசை ஊற்றி ஒட்டிய கெமிக்கல் ஆங்கராக இருந்தால் இன்னும் சிக்கல். துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பசை காங்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். சாரத்தில் ஏறி, கழுத்து ஒடிய அண்ணாந்து, கண்ணில் சிமெண்ட் தூள் கொட்டக்கொட்ட டிரில் போடுகிற ஆள் ஒவ்வொரு துளையையும் மூன்று தடவை சுத்தம் செய்திருப்பான் என்று எதை வைத்து நம்புவது?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் 2006 ஜூலையில் கூரையின் காங்கிரீட் பலகைகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். அந்தப் பலகைகளைத் தாங்கியவை எபாக்ஸி என்ற பசையில் நின்ற ஆங்கர்கள். மாட்டியபோது இழுத்துப் பார்த்த சோதனையில் தேறியவைதான். ஆனால் அந்தச் சீக்கிரம் இறுகும் ரக எபாக்ஸி, விடாமல் தொங்கும் பாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இளகி நீண்டுகொடுக்கும் குணம் உள்ளது. அதே திட்டத்தின் இன்னொரு சுரங்கத்தில் 1999-லேயே சில ஆங்கர்கள் கீழே இறங்கி வந்திருந்தது கண்ணில் பட்டிருக்கிறது, பட்டும் தொடர்ந்து கவனிக்கவில்லை என்று விசாரணை சொன்னது. ஜப்பானில் சசாகோ சுரங்கம் 1977-இல் திறந்தது. 2012 டிசம்பரில் அதன் கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தார்கள். 35 வருஷம் தொங்கிய கூரை! அங்கேயும் ஒருவர் "இத்தனை வருஷமா நிக்குதே" என்று சொல்லியிருக்கலாம், சொன்ன கடைசி நாள் வரைக்கும் அது உண்மையாகவே இருந்திருக்கும்.

ஒரு மண்டபத்தில் மணமேடைக்கு முன்னால், வரவேற்பில் ஜனங்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, வட்டமான பூ சாண்ட்லியர் வேண்டும் என்றார்கள். டெக்கரேஷன்காரர் எடை சொன்னார், ஃபிரேமின் எடை மட்டும். பூ குத்துகிற ஃபோம் காய்ந்திருக்கும்போது கையில் இருப்பதே தெரியாது, தண்ணீரில் ஊறிவிட்டால் செங்கல் மாதிரி கனக்கும். இதைக் கேட்டதும் அவர் "அட, ஆமால்ல" என்றார், அவ்வளவுதான். ஃபால்ஸ் சீலிங்கில் ஏசிக்காக விட்டிருந்த மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முந்தைய பார்ட்டிகள் தொங்கவிட்ட கொக்கி ஸ்லாப்பிலேயே இல்லை. ஜிப்சம் போர்டைத் தாங்கும் மெல்லிய தகடு சேனலில் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள், முறுக்கிய இடத்தில் சேனல் ஒரு பக்கமாக வளைந்து, உதடு விரிந்திருந்தது. போட்டோ எடுத்து மேனேஜரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆனா விழலையே சார்" என்றார். என்ன சொல்வது!

அப்புறம் பையன்கள் வேறு யோசனை சொன்னார்கள், இரண்டு பக்கச் சுவரோரத் தூணிலிருந்தும் ரோப் இழுத்து நடுவில் தொங்கவிடலாம் என்று. ரோப் இரண்டு ஆகிவிட்டால் பாரம் பாதிப் பாதி என்று நினைப்பது எங்கள் லைனில் புதிதாக வரும் எல்லோருக்கும் உண்டு. நேராக மேலே போனால்தான் பாதி. ரோப் படுக்கப் படுக்க இழுவை ஏறும். கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் நின்றால் 100 கிலோவுக்கு ஒவ்வொரு ரோப்பிலும் முழுசாக 100 கிலோ, 15 டிகிரிக்கு இறங்கினால் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 193. அவ்வளவு அகல ஹாலில், சீலிங் ஒட்டி, ரோப் படுக்காமல் எப்படி இருக்கும்? தூணையும் அது உள்பக்கமாக இழுக்கும். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஷாக்கிளில், அதாவது பாரத்தை மாட்டும் U வடிவ இரும்பு வளையத்தில், இவ்வளவுதான் ஏற்றலாம் என்று எழுதியிருக்கும் டன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடைவதற்கு அதைப் போல ஐந்து மடங்காவது ஆகும் என்று தெரிந்த ஆள்தான் தெரியாத ஆளைவிட ஆபத்து, ஏனென்றால் "மார்ஜின் இருக்குல்ல" என்று இரண்டு மடங்கு ஏற்றிவிடுவான். அந்த மார்ஜின் நமக்குத் தெரியாததற்காக வைத்தது: தேய்மானம், குலுக்கல், நடுவில் யாரோ ஸ்விட்சை மாற்றி அழுத்துவது. லைட் நழுவினால் பிடித்துக்கொள்ளக் கூடவே மாட்டும் சேஃப்டி வயரும் அப்படித்தான், இருந்தால் போதாது, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். 10 கிலோ லைட் கிளாம்ப் நழுவி 30 சென்டிமீட்டர் விழுந்து வயரில் 3 சென்டிமீட்டருக்குள் நின்றால், வயருக்கு அது சராசரியாகவே 110 கிலோ. நீளமாக இருக்கட்டும், கழற்றி மாட்ட வசதி என்று தொய்வாக விடுகிறவர்களை நான் திட்டாமல் விட்டதில்லை.

கடைசியில் அந்த மண்டபத்தில் சீலிங்கைத் தொடவே இல்லை. தரையில் நாலு கால் ஊன்றி மேலே சதுரமாக ட்ரஸ் என்கிற குழாய்ச் சட்டம் கட்டி, சாண்ட்லியரை அதில் மாட்டினோம். கால்களின் அடித்தகட்டு மேல் எடைக்கல் வைத்து, ஏற்றும் நேரம் முழுக்கக் கீழே கயிறு கட்டி வழியை அடைத்தேன், அப்படியும் சாம்பார் வாளியோடு ஒருவர் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார், அவரை அனுப்பும் வரை செயின் பிளாக்கில் கை வைக்கவில்லை. முன்வரிசை நாற்காலிகள் கொஞ்சம் குறைந்தன. பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். வீடியோகிராஃபர் வந்து, எந்தப் பக்கம் கேமரா வைத்தாலும் ஒரு ட்ரஸ் கால் ஃபிரேமுக்குள் வருகிறதே, அதை மட்டும் எடுத்துவிட முடியுமா அண்ணே என்று கேட்டார். துணி சுற்றிப் பூச்சரம் தொங்கவிடச் சொன்னேன்.