திரும்பி வராதவர்களின் நோட்டு

மார்ச் 3

சீன மருத்துவப் படிப்பு முடிந்தது, தேர்வு எழுதியாயிற்று, சான்றிதழும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு நோயாளியின் முன் தனியாக உட்கார எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதனால் இன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மூலிகை ஐயாவிடம், இரண்டு நாள் அக்குபங்சர் மேடத்திடம். இருவருமே முப்பது வருடத்துக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்து வருகிறவர்கள்.

ஐயாவிடம் எனக்குக் கிடைத்த முதல் வேலை படியெடுப்பது. அவர் சொல்லச் சொல்ல மருந்துச் சீட்டை எழுத வேண்டும். சீனத்தில் இதற்கு 'சாவ்ஃபாங்' என்று பெயர். குருவிடம் இருந்து கற்றவர்கள் பலரும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

சளி, குளிர், காய்ச்சல் என்று இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஐயா இருவரையும் "வேர்க்குதா?" என்று கேட்டார். ஒருவருக்குக் கழுத்தெல்லாம் ஈரம், காற்றுப் பட்டாலே உடம்பு கூசுகிறது. மற்றவருக்குச் சொட்டு வியர்வை இல்லை, உடம்பு முழுக்க வலி. அந்த ஒரு கேள்வியில் மருந்து இரண்டாகப் பிரிந்துவிட்டது.

முதலாமவருக்குக் குய்ஷி தாங் கஷாயம். சாங் சோங்சிங் என்ற சீன மருத்துவர் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தது. "என்னென்ன சரக்கு, சொல்லும்மா" என்றார். லவங்கப்பட்டை மரத்தின் இளங்குச்சி, வெள்ளைப் பியோனி வேர், இஞ்சி, சீன இலந்தை, அதிமதுரம். ஐந்தையும் சொன்னேன். "அப்புறம்?" என்றார். அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"குடிச்ச கொஞ்ச நேரத்துல சூடா நீர்க்கஞ்சி குடிக்கணும். போர்த்திக்கிட்டுப் படுக்கணும். லேசா வேர்த்தாப் போதும், வழிய விடக்கூடாது. அதுவும் மருந்துதான்."

வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். அதே பக்கத்தில், சரக்குப் பட்டியலுக்கு நேர் கீழே இருக்கிறது. தேர்வுக்குப் படித்தபோது பட்டியலோடு நிறுத்தியிருக்கிறேன்.

மார்ச் 9

மேடம் தன் காலையே நீட்டி, "சூசான்லியைக் காட்டு" என்றார். ஊசி போடும் புள்ளிகளில் ஒன்று அது. முழங்காலுக்குக் கீழே மூன்று சுன், எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். வைத்தேன்.

"யாரோட காலு? யாரோட விரலு?"

சுன் என்பது நோயாளியின் சொந்த உடம்பை வைத்தே எடுக்கும் நீள அளவு. என் விரல்கள் மேடத்தின் விரல்களைவிட மெலிந்தவை. அவர் கையை வாங்கி வைத்துப் பார்த்தபோது புள்ளி கொஞ்சம் கீழே நகர்ந்தது. ஊசியை இறக்கினேன். முதலில் ஒன்றுமில்லை. மெல்லத் திருப்பியபோது சதை ஊசியைப் பிடித்துக்கொண்டது. தூண்டிலை மீன் கவ்வுகிற மாதிரி என்று இதைப் பழைய சீனப் பாடல் ஒன்று சொல்லும். மனப்பாடம் செய்திருந்த அந்த வரி இன்றுதான் என் விரல் நுனிக்கு வந்தது.

1027-ல் சீனாவின் சோங் அரசவையில் வாங் வெய்யி என்ற மருத்துவர் வெண்கலத்தில் மனித உருவங்களை வார்த்தார். புள்ளிகள் இருக்கும் இடத்தில் துளைகள். உள்ளே தண்ணீர், மேலே மெழுகு. மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் வரும். மேடத்துக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். "சிலை தண்ணி விட்டுச் சொல்லிடும். மனுஷங்க வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. ஊசியைப் பார்த்துக்கிட்டே இருக்காத, முகத்தைப் பாரு" என்றார்.

மார்ச் 12

நாடி மட்டும். சீன மருத்துவர் லி ஷிசென் 1564-ல் எழுதிய நூலில் 27 வகை, பின்னால் வந்தவர்கள் ஒன்றைச் சேர்த்து 28 ஆக்கினார்கள். எனக்கு உறுதியாகப் பிடிபடுவது நான்கு: மேலே மிதப்பது, ஆழத்தில் ஓடுவது, மெதுவானது, வேகமானது. நான் எழுதி முடிக்கும்வரை ஐயா தன் கணிப்பைச் சொல்வதில்லை. ஒன்பது பேரில் மூன்று பேருக்கு ஒத்துப்போனது.

மார்ச் 16

தோளில் சியான்சிங் புள்ளி. பார்க்கச் சாதாரண இடம், ஆனால் அதற்குக் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது. "வயிறு கிணறு, முதுகு அப்பம்" என்று சீன ஆசிரியர்கள் சொல்வதுண்டு. வயிற்றில் ஆழமாக இறக்கலாம், முதுகில் கூடாது. மேடம் தோள் சதையை இரு விரலால் கவ்வித் தூக்கிப் பிடித்து, அந்தத் தூக்கிய சதைக்குள் மட்டும் ஊசியைச் செலுத்திக் காட்டினார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒன்று சொன்னார். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒல்லியான ஒருவருக்கு இதே இடத்தில் ஆழமாகப் போட்டுவிட்டார். அன்று இரவு அவருக்கு மூச்சுத் திணறி, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து, மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. மேடம் தினமும் போய்ப் பார்த்திருக்கிறார். தன்னிடம் வரும் ஒவ்வொரு மாணவரிடமும் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிவிடுவாராம். சொல்லும்போது குரல் இன்னும் தழுதழுக்கிறது.

எந்தப் பாடநூலும் இந்தப் புள்ளியை என் மனதில் இவ்வளவு ஆழமாகப் பதித்ததில்லை.

மார்ச் 24

தூக்கமின்மை, பழைய முழங்கால் வலி என்று ஒரு பெரியவர். இந்த முறை சீட்டை நானே எழுதி ஐயாவிடம் நீட்டினேன். அதில் தான்ஷென் வேர் இருந்தது.

"வேற என்ன சாப்பிடறார்?"

"கேட்டேன் ஐயா. பிரஷருக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான்னு சொன்னார்."

"அட்டையைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. பெரியவர் பையைத் துழாவி மூன்று அட்டைகளை எடுத்தார். ஒன்று வார்ஃபாரின், இரத்தம் உறைவதைக் குறைக்கிற மாத்திரை. அதோடு தான்ஷென் சேர்ந்தால் இரத்தம் உறைவது இன்னும் குறைந்து, உள்ளே கசிய ஆரம்பிக்கலாம். பெரியவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் எல்லாமே பிரஷர் மாத்திரைதான்.

ஐயா திட்டவில்லை. சரக்கு அலமாரிக்குக் கூட்டிப்போய் டப்பாக்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் சீனப் பெயருக்குக் கீழே தாவரவியல் பெயர் எழுதியிருக்கிறது. காரணம் கேட்டேன். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் எடை குறைக்கக் கொடுத்த மருந்தில் ஃபாங்ஜி என்ற ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொரு ஃபாங்ஜி போய்விட்டது. பெயர் ஒன்று, செடி வேறு. பிந்தையதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டுப்போனது, சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்று யாராவது சொன்னால் ஐயாவுக்கு முகம் மாறிவிடும்.

ஏப்ரல் 2

ஒற்றைத் தலைவலியோடு வந்துகொண்டிருந்த பெண் மூன்று முறை வந்தார். நான்காம் முறை வரவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்து உள்ளூர மகிழ்ந்தேன், ஐயாவிடம் சொல்லவும் செய்தேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்றை எடுத்தார். உள்ளே தேதி, பெயரின் முதலெழுத்து, கொடுத்த மருந்து, கடைசிக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. திரும்பி வராதவர்களுக்கு மட்டுமான நோட்டு அது. வராமல் நின்றுவிட்டவர் ஒவ்வொருவரையும் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் காரணம் கேட்டு எழுதுகிறார். சிலவற்றை அங்கேயே நின்று படித்தேன். 'கசப்புத் தாங்கவில்லை, கொட்டிவிட்டார்.' 'பலன் இல்லை.' 'நான் தவறாகக் கணித்தேன், குளிர் அல்ல, சூடு.' 'இறந்துவிட்டார்.'

"நீயே கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். தலைவலி குறையவே இல்லை. கஷாயம் குடித்தபின் வயிற்றைப் பிரட்டியது. "நீங்க எவ்வளவு அன்பாப் பார்த்தீங்க, அதான் சொல்ல மனசு வரல." அவருக்கு நன்றி சொன்னேன். சிவப்பு மையில் எழுதும்போது கை நடுங்கியது.

பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியானின் நூலில் சுன்யு யி என்ற மருத்துவர் வருகிறார், கிமு இரண்டாம் நூற்றாண்டு. பேரரசர் கேட்டதற்காகத் தான் பார்த்த 25 நோயாளிகளின் விவரத்தைச் சொல்கிறார். பிழைத்தவர்களும் அதில் உண்டு, இறந்தவர்களும் உண்டு. ஒருபோதும் தவறியதில்லையா என்ற கேள்விக்கு, அவ்வப்போது தவறுவதுண்டு என்றே பதில் சொல்லியிருக்கிறார். ஐயாவின் நோட்டு அந்த வழியில் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இதை மறைத்திருந்தால் அவருடைய வெற்றிகளை மட்டும் படியெடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஏப்ரல் 8

இடுப்பு வலி என்று ஒருவர். நான் ஊசிகளை எடுத்து வைத்துவிட்டேன். மேடம் தொடவே இல்லை. "உட்கார்ற இடத்துல மரத்த மாதிரி இருக்கா? ஒண்ணுக்குப் போறதுல மாற்றம் உண்டா?" இரண்டுக்கும் ஆமாம். நேற்றிலிருந்து.

ஊசிப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை. தண்டுவடத்தின் அடி நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி, மணிக்கணக்கில் தாமதித்தாலும் உணர்வும் சிறுநீர்க் கட்டுப்பாடும் நிரந்தரமாகப் போய்விடலாம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே கடிதம் எழுதினார். அவசரப் பிரிவுக்கு வண்டியும் அவரே பிடித்தார். அன்று இரவே அறுவைச் சிகிச்சை நடந்தது என்று தகவல் வந்தது.

அந்த இரண்டு கேள்விகளையும் என் கேள்விப் படிவத்தில் இடுப்பு வலிக்கு நேரே முதலில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 10

ஐயாவின் நோட்டில் இந்த வாரம் நான்கு பெயர். இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருவருக்குச் சரியாகிவிட்டது. மற்றவர் வேறிடம் போகிறார், அங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்றாமவர் எண் உபயோகத்தில் இல்லை. நான்காவது, முழங்கால் வலிப் பெரியவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாளை காலையில் மறுபடி கூப்பிட வேண்டும்.